கடுக்காயும் மரப்பட்டையும்: கைமுறையின் வழியே நிலத்தைப் பேசும் ஓவியம்

கையால் கோடிட்டு இயற்கைச் சாயம் ஏற்றும் கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு இழுப்பவரை அருகில் உட்கார்ந்து பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். மூங்கில் குச்சியின் கூர்முனைக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் இறுகக் கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பளிதான் மைக்கூடு. அதைத் தோய்த்தெடுக்கும் நீர் மை போலக் கறுத்திருக்காது. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு நாட்கணக்கில் ஊறவைத்து வடித்த, புளித்த வாடை வீசும் வெளிறிய நீர் அது. துணியில் பட்ட மாத்திரத்தில் அந்த நீர் கன்னங்கரேல் என்று ஆகிவிடுகிறது. துணியை முன்பே கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைத்திருப்பதால், கடுக்காயின் துவர்ப்பும் நீரிலுள்ள இரும்பும் கூடி அந்த இடத்திலேயே கறுப்பாகின்றன. பாலிலுள்ள கொழுப்பு, கோடு கசிந்து பரவாமல் பிடித்துக்கொள்கிறது. மையின் ஒரு பாதி கோலிலும் மறு பாதி துணியிலும் இருக்கிறது என்றே சொல்லலாம்.

இந்தச் சிறு காட்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மரபுக் கைமுறைகளின் வழியே தம் வட்டாரத்தின் வரலாற்றையும் நிலத்தையும் அடையாளத்தையும் ஆராயும் கலைஞர் என்ற அறிமுகத்தை ஓவியக் கண்காட்சிகளில் அடிக்கடி படிக்கிறோம். எந்தக் கண்காட்சிக்கும் பொருந்தும் அளவுக்கு அது தேய்ந்துபோயிருப்பதால், படிப்பவர் பெரும்பாலும் அதைத் தாண்டிப் படத்துக்குப் போய்விடுகிறார். படத்தில் ஒரு மலையோ கோயிலோ முதியவளின் முகமோ தெரிந்தால், இதுதான் நிலம், இதுதான் வரலாறு, இதுதான் அடையாளம் என்று முடிவுகட்டிக்கொள்கிறார். இவ்வகை ஓவியத்தில் வரலாறு படத்தில் காட்டப்படும் பொருளில் மட்டும் இருப்பதில்லை. துணியிலும், சாயத்திலும், எதற்குப் பின் எதைச் செய்வது என்ற வரிசையிலும், யாருக்கு வரைய உரிமை என்ற கேள்வியிலும் அது இருக்கிறது. என் கணக்கில் அங்கேதான் கூடுதலாக இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைக்க வெளியிலிருந்து கோட்பாடு எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. திணை இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றியவை கருப்பொருள். அங்கே வாழும் மனிதரின் அக ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருள் என்றதும் குறிஞ்சிக்கு மயில், நெய்தலுக்குச் சுறா என்று பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே பட்டியலில் மரம், விலங்கு, பறவை ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே பறையும் யாழும் அந்நிலத்து மக்களின் தொழிலும் இடம்பெற்றிருப்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மரத்தைப் போலவே தொழிலும், மயிலைப் போலவே இசைக்கருவியும் நிலத்திலிருந்து முளைத்தவை என்பது அந்த இலக்கணத்தின் கணக்கு. ஓவியரின் கைமுறையையும் இப்படியொரு கருப்பொருளாகப் பார்க்கப் பழகிவிட்டால், இந்தக் கட்டுரை சொல்ல வருவதில் பாதி சொல்லியாகிவிட்டது.

கலம்காரியின் சிவப்பை எடுத்துக்கொள்வோம். சிவப்பு வேண்டிய இடங்களில் ஓவியர் முதலில் சிவப்பைப் பூசுவதில்லை. படிகாரக் கரைசலைத் தீட்டுகிறார். காய்ந்தபின் துணியை ஓடும் நீரில் அலசி, வேர்ச்சாயம் போட்ட கொப்பரையில் கொதிக்கவைக்கும்போது படிகாரம் பட்ட இடங்கள் மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மற்ற இடங்களில் ஏறிய மங்கல் நிறம், சாணக் கரைசலில் நனைத்து வெயிலில் உலர்த்தும்போது வெளுத்துப்போகிறது. சோழமண்டலக் கரையில் அந்தச் சிவப்பைத் தந்தது சாயவேர். இம்பூறல் என்றும் அதற்குப் பெயருண்டு. தரையோடு படரும் அந்தச் சின்னஞ்சிறு செடி கடலோர மணலில் வளர்வது. கிளிஞ்சல்கள் மக்கிச் சுண்ணாம்புச் சத்து ஏறிய மண்ணில் விளைந்த வேருக்குத்தான் நல்ல சிவப்பு என்று சாயக்காரர்கள் கருதினார்கள். நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குக் கடுக்காய்ப்பூ, நீலத்தின்மேல் மஞ்சளை ஏற்றினால் பச்சை. அலசுவதற்கு ஓடும் ஆறு வேண்டும், வெளுப்பதற்கு நீண்ட வெயில் வேண்டும். காளஹஸ்தியில் அந்த ஆறு சுவர்ணமுகி. ஆக, ஒரு கலம்காரித் துணியில் நிலப்படம் எதுவும் வரையப்படாவிட்டாலும் கடற்கரை மணல், ஆற்றுநீர், கோடை வெயில் மூன்றும் அதற்குள் ஏற்கெனவே இறங்கியிருக்கின்றன.

வரலாறும் அப்படித்தான் இறங்கியிருக்கிறது. கலம் என்றால் பாரசீகத்தில் எழுதுகோல், காரி என்றால் வேலை; பெயரே கடல் கடந்து வந்த வணிகத்தைச் சொல்கிறது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து இந்தச் சாயத்துணி கப்பலேறியது. இந்தோனேசியத் தீவுகளின் மிளகையும் கிராம்பையும் வாங்க ஐரோப்பியர் கொண்டுபோன மாற்றுப்பண்டங்களில் இது முதன்மையானது. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதற்கும், ஆங்கிலேயர் 1639-இல் சென்னைப்பட்டினத்தில் இடம் பிடித்ததற்கும் பின்னால் துணி வாங்கும் கணக்கே இருந்தது. ஐரோப்பாவில் இதன்மேல் எழுந்த மோகத்தைத் தாங்க முடியாமல் பிரான்சு 1686-இல் தடை விதித்தது. அந்தத் தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டது. இடைப்பட்ட 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் சீட்டித்துணி உடுத்தி வந்த பெண்களைத் தாக்கியிருக்கிறார்கள். தடை ஒரு பக்கம் இருக்க, நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும் முயற்சி மறுபக்கம் நடந்தது. 1734-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, சாயமேற்றும் வேலையை ஒவ்வொரு கட்டமாகக் குறித்துவைத்து, கட்டத்துக்கு ஒரு துண்டாகத் துணியையும் வெட்டி வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. கூர்து என்ற சேசு சபைப் பாதிரியார் 1742-இல் எழுதிய நீண்ட கடிதத்தில், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத்தொழிலாளிகளிடமிருந்து கேட்டறிந்த செய்முறையை விளக்கமாக எழுதி அனுப்பினார். 1760-இல் பாரிஸுக்கு அருகில் ஜூயி என்ற ஊரில் பருத்தித்துணி அச்சுப் பட்டறை தொடங்கப்பட்டது. 1868-இல் வேர்ச்சிவப்பின் மூலப்பொருளான அலிசரினை ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துவிட, சில ஆண்டுகளில் அது சந்தைக்கு வந்து, சாயவேர் தோண்டுபவர்களின் பிழைப்பை முடித்துவைத்தது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டபின், இக்காலத்து ஓவியர் ஒருவர் காடாத் துணியைக் கடுக்காயில் நனைத்து உட்காரும்போது அவர் கையில் எடுப்பது வெறும் தூரிகை அல்லவென்று விளங்கும். பரோடா நுண்கலைக் கல்லூரியில் பயின்ற லாவண்யா மணி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. கலம்காரி முறையையும் இயற்கைச் சாயங்களையும் கொண்டே அவர் துணி வணிகத்தையும் காலனியத்தையும் ஐரோப்பியப் பயணிகளின் கற்பனை கலந்த குறிப்புகளையும் தம் பெரிய துணி ஓவியங்களுக்குப் பொருளாக்கிக்கொள்கிறார். கப்பலில் ஏற்றப்பட்ட அதே சாயத்தால், அதே பருத்தியின்மேல், அந்த ஏற்றுமதியின் கதையை வரையும்போது, பொருளும் ஊடகமும் ஒன்றையொன்று சாட்சிக்கு அழைத்துக்கொள்கின்றன. இதே கதையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருந்தால் அது வரலாற்றுச் சித்திரமாக மட்டுமே நின்றிருக்கும். கலம்காரியில் தீட்டும்போது ஓவியமே அந்த வரலாற்றின் எச்சமாகிவிடுகிறது.

இங்கிருந்து தொடக்க வாசகர் கைக்கொள்ளத்தக்க ஓர் எளிய சோதனையைச் சொல்லலாம். ஓவியத்தின் முன்னால் நின்று, இதே படத்தைக் கடையில் வாங்கிய அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டுப்பாருங்கள். நிறம் கொஞ்சம் பளிச்சென்று இருந்திருக்கும், அவ்வளவுதான் என்று பதில் வந்தால், அங்கே மரபுக் கைமுறை அலங்காரத்துக்காக ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இயற்கைச் சாயத்தில் செய்தது என்ற ஒரே தகுதியை முன்வைத்துக் காட்சிக்கு வரும் பல படைப்புகள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை என்பது என் எண்ணம். ஆனால் இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு; ஆஸ்திரேலியப் பாலைநிலத்துக்குப் போகும்போது அதைப் பார்ப்போம்.

அதற்கு முன் மரபு என்ற சொல்லையே கொஞ்சம் தட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் தொன்றுதொட்டு வந்ததாக நினைக்கும் பலவும் வெளியிலிருந்து வந்து ஊன்றியவை. ஐரோப்பியச் சந்தைக்காகச் சோழமண்டலக் கரையில் தீட்டப்பட்ட பலம்பூர் என்னும் பெரிய விரிப்புகளில், பாறைக் குன்றிலிருந்து வளைந்து எழும் பூமரம் ஒன்று இருக்கும். எந்த ஊர்க் காட்டிலும் அப்படியொரு மரம் இல்லை. ஒரே கிளையில் வகைவகையான பூக்கள் பூத்திருக்கும். பாரசீகம், சீனம், ஐரோப்பா, இந்தியா எல்லாம் கலந்து, வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ப உருவான மரம் அது. அதை நம் மரபு அல்லவென்று தள்ளிவிட முடியுமா? ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறொரு நிலத்தில் வந்து சேர்ந்தால், வந்து சேர்ந்த நிலத்தின் கருப்பொருளாகவே அவற்றைக் கொள்ள வேண்டும் என்று நம் பழைய இலக்கணம் விதி வகுத்திருக்கிறது. பலம்பூர் மரத்துக்கு அதைவிடத் தக்க விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

லாகூரில் நடந்ததும் இதையொட்டியதே. அங்கே 1875-இல் ஆங்கில ஆட்சியின்கீழ் தொடங்கப்பட்ட மேயோ கலைப்பள்ளிதான் இன்று தேசியக் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. பட்டியாலா அரசவை ஓவியர் மரபில் வந்த ஹாஜி ஷரீஃப் போன்ற ஆசான்கள் அங்கே, சிறிய தாளில் நுணுக்கமாகத் தீட்டும் நுண்ணோவியம் கற்பித்தார்கள். அவரிடம் பயின்ற பஷீர் அகமதுவின் முயற்சியால் 1982-இல் அது தனிப் பாடத்துறையானது. மாணவர் தூரிகையைத் தொடும் முன் தாள் செய்யக் கற்க வேண்டும். பல தாள்களை மாவுப்பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்து, காய்ந்தபின் சங்காலோ வழவழப்பான கல்லாலோ பளபளக்கும்வரை தேய்த்தால் கிடைப்பது வஸ்லி. அணில் வால் முடியைச் சேர்த்துக் கட்டிய தூரிகை, வண்ணம் குழைக்கச் சிப்பி, தரையில் அமர்ந்து முழங்காலில் பலகையைச் சாய்த்துக்கொள்ளும் இருக்கை. மயிரிழைக் கோடுகளை அடுக்கியடுக்கி நிழலை உண்டாக்கும் முறைக்குப் பர்தாக்த் என்று பெயர். உள்ளங்கை அகலப் பரப்பை நிரப்ப வாரங்கள் ஆகும். முகலாய அரசவைகளில் பிறந்த மூல ஓவியங்கள் பலவும் ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்புகளுக்குப் போய்விட்ட நிலையில், இந்த மரபு நேர்கோட்டில் கைமாறி வந்தது என்று சொல்வதைவிட, அறுந்த இடங்களில் முடிச்சுப் போட்டு மீட்டெடுக்கப்பட்டது என்பதே சரி.

அந்த முடிச்சைத்தான் அங்கே படித்த ஓவியர்கள் தங்கள் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். ஷாசியா சிக்கந்தர் 1989-90-இல் தம் பட்டப்படிப்புக்காக வரைந்த நீள்சுருள் ஓவியத்தில், வெள்ளையுடையில் ஓர் இளம்பெண் ஒரு வீட்டின் அறை அறையாக நடமாடுகிறாள். அவள் முகம் நமக்குக் காட்டப்படுவதே இல்லை. அரசரின் வேட்டையையும் தர்பாரையும் வரைய வளர்ந்த நுட்பம் அங்கே ஒரு பெண்ணின் அன்றாட நடமாட்டத்தைப் பின்தொடர்கிறது. இம்ரான் குரேஷி வேறு வழியில் போனார். 2011-இல் ஷார்ஜாவிலும் 2013-இல் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியிலும் அவர் தரையில் சிவப்பு வண்ணத்தைக் கொட்டித் தெறிக்கவிட்டார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது குண்டுவெடிப்புக்குப் பிந்தைய தரை. குனிந்து பார்த்தால் அந்தக் கறையிலிருந்து இலையும் இதழும் நுண்ணோவியக் கோடுகளாகக் கிளைத்து விரிவது தெரியும். அவர் நாட்டில் அந்த ஆண்டுகளில் நடந்த வன்முறையைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது அரசவை ஓவியத்தின் தோட்டத்து இலை. கவனியுங்கள், அந்தச் சிவப்பு கடையில் வாங்கிய அக்ரிலிக்தான். வஸ்லித் தாளும் இல்லை. நுட்பம் தாளிலிருந்து இறங்கி இலை வரையும் கைப்பழக்கத்தில் மட்டும் குடியிருக்கிறது.

மரபின் வயதைப் பற்றி இன்னொரு செய்தியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்று கோண்டு ஓவியம் என்று கடைகளில் விற்கும் பாணி, மத்தியப் பிரதேசத்தின் பட்டன்கட் கிராமத்திலிருந்து வந்த ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற ஒரு கலைஞரின் கையில் 1980-களில் உருப்பெற்றது. 1982-இல் போபாலில் திறக்கப்பட்ட பாரத் பவன் என்ற கலை மையத்துக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதனும் அவர் அனுப்பிய குழுவினரும் ஊர் ஊராகத் தேடியபோது கண்டெடுத்த கலைஞர் அவர். அவர் பிறந்த பர்தான் சமூகத்தாரின் குலத்தொழில் பாணா என்னும் நரம்புக் கருவியை மீட்டித் தெய்வக்கதைகளையும் குலவரலாற்றையும் பாடுவது. பாட்டில் மட்டும் வாழ்ந்த தெய்வங்களுக்கு மையாலும் தாளாலும் அவர் முதன்முதலாக உருவம் கொடுத்தார். தாளும் மையும் புதியவை, நினைவு பழையது. அதை மரபு என்பதா புதுமை என்பதா என்று வாதிடுவதில் எனக்கு அக்கறை இல்லை. எந்தப் பகுதி எவ்வளவு பழையது என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும்.

இனி அடையாளம். வரலாறு, நிலம், அடையாளம் என்ற மூன்று சொற்களில் இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. உடையையும் முகத்தையும் வரைந்துவிட்டால் அடையாளம் வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் ஆர்னெம் நிலப்பகுதியில் வாழும் யோல்ங்கு மக்களிடம் இந்தச் சொல்லுக்கு வேறு எடை இருக்கிறது. அவர்கள் யூகலிப்டஸ் வகை மரம் ஒன்றின் பட்டையில் வரைபவர்கள். மழைக்காலத்தில் மரத்தில் சாறு ஏறியிருக்கும்போதுதான் பட்டை கிழியாமல் முழுசாக உரிந்து வரும். உரித்த பட்டையை நெருப்பில் வாட்டி, சுருளாமலிருக்க எடை வைத்துத் தட்டையாக்குகிறார்கள். காவி, மஞ்சள், கரி, வெண்களிமண் ஆகிய நான்கும்தான் நிறங்கள். மனித முடிகள் சிலவற்றைக் குச்சியில் கட்டிய மெல்லிய தூரிகையால், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் செல்லும் கோடுகளை நிரப்பும்போது பரப்பு மினுங்கத் தொடங்குகிறது. அந்தக் கோட்டு அமைப்புகள் அழகுக்காக வரையப்படுபவை அல்ல. ஒவ்வொரு குலத்துக்கும் உரிய அமைப்பு வேறு. அது அந்தக் குலத்தின் நிலத்தையும் அந்த நிலத்தை உண்டாக்கிய முன்னோரையும் குறிப்பது. பிறப்பாலும் உறவாலும் உரிமை பெற்றவர் மட்டுமே அதை வரையலாம். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் அது பட்டா.

பட்டா என்பது வெறும் உவமை இல்லையென்று 1963-இல் தெரிந்தது. பாக்சைட் சுரங்கத்துக்காக ஆர்னெம் ஒதுக்குநிலத்தின் ஒரு பகுதியை அரசு, அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமலே பிரித்துக்கொடுத்தது. யிர்கலாவிலிருந்த யோல்ங்கு மக்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த மனுவை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலக் கோலங்களைத் தீட்டி, கான்பெராவிலுள்ள நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தாளில் எழுதிய வாசகம் அரசுக்குப் புரியும் மொழியில் கோரிக்கை வைத்தது. ஓரத்தில் தீட்டிய கோலம் அந்த நிலம் யாருடையது என்பதற்கு ஆவணமாக நின்றது. சுரங்கம் நிற்கவில்லை. 1971-இல் நீதிமன்றத்திலும் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அந்த வழக்கு எழுப்பிய கேள்விகள் 1976-இன் பழங்குடி நிலவுரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தன. அந்த மனுக்கள் இன்றும் நாடாளுமன்றக் கட்டடத்தில் காட்சிக்கு இருக்கின்றன. பட்டையோவியத்தை அலங்காரப் பொருளாக மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் ஓரச் சித்திரம் அழகான படச்சட்டமாகத்தான் படும். மனுவில் அதிகம் பேசுவதே அந்தப் படச்சட்டம்தான்.

உரிமை என்ற சொல்லை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1966-இல் ஆஸ்திரேலியா புதிதாக வெளியிட்ட ஒரு டாலர் தாளில் டேவிட் மலங்கி என்ற ஓவியரின் பட்டையோவியத்தைத் தழுவிய சித்திரம் இடம்பெற்றது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. செய்தி வெளியானபின் அவருக்கு 1000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் தரப்பட்டன. பெயரில்லாத பழங்கால நாட்டுப்புறச் சித்திரம் என்று நினைத்து எடுத்திருக்கிறார்கள். வரைந்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதையே யாரும் எண்ணிப்பார்க்கவில்லை.

இதைப் படித்து நாம் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடக்கூடாது. நம் பக்கத்திலும் கலம்காரித் துணிகள் பெரும்பாலும் பெயரில்லாமலே அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. தஞ்சை மராத்தியர் அரசவைக்காகச் சரிகையும் சாயமும் சேர்த்துப் புடவை செய்த கோடாலிக்கருப்பூரின் கைவினைஞர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கும், வரைந்தவரின் பெயரைக் காக்காது. கல்லூரியில் படித்துவிட்டு இம்முறையைக் கையிலெடுப்பவரை ஓவியர் என்றும், பரம்பரையாகச் செய்பவரைக் கைவினைஞர் என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முன்னவர் வரலாற்றை ஆராய்கிறார், பின்னவர் பழையதைத் திரும்பச் செய்கிறார் என்பது அந்தப் பிரிவினையின் உள்ளே ஒளிந்திருக்கும் கணக்கு. எந்த இரும்பு எத்தனை நாள் ஊறினால் கறுப்பு நிற்கும், எந்தப் பருவத்து வெயில் துணியை மஞ்சளாக்கிவிடும் என்று அறிந்தவரும் ஆராய்ந்துதான் அறிந்தார். எனவே ஒரு படைப்பைப் பார்க்கும்போது கையெழுத்திட்டவர் யார் என்பதோடு, சாயம் காய்ச்சியவர் யார், அவர் பெயர் எங்கே இருக்கிறது என்றும் கேட்பது தகும்.

அக்ரிலிக் சோதனைக்கு எல்லை உண்டென்று முன்பு சொன்னதை இங்கே எடுத்துக்கொள்ளலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள் தங்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடியபோது, அதிகாரிகளின் ஆங்கிலத்தில் வாதாடுவது தங்களுக்குக் கைவராது என்று உணர்ந்து, 1997-இல் பிர்னினி என்ற இடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் கூடி ஒரே துணியில் தங்கள் நாட்டை வரைந்தார்கள். ஏறத்தாழ எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவு. அதன் பெயர் ஙுராரா. சொந்த நிலம் என்று பொருள். (ஙகரத்தில் தொடங்கும் சொல் கிடைக்காமல் தவிக்கும் நம் அரிச்சுவடிக்கு அந்த மொழிகள் தாராளமாகக் கடன் கொடுக்கலாம்.) வண்ணமும் துணியும் கடையில் வாங்கியவை. ஆனால் வரைந்த முறை மணலில் கோடிட்டுக் கதை சொல்லும் அவர்களுடைய பழைய முறை: துணியைத் தரையில் விரித்து, அவரவர் நிலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கம் அமர்ந்து, அவரவர்க்கு உரிமையுள்ள நீர்ச்சுனையை மட்டும் அவரவர் வரைந்தார்கள். ஆகவே அந்த ஓவியத்துக்கு மேல் கீழ் என்பது இல்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்காமல் எல்லைக்கோட்டைத் தொடவும் வழியில்லை. சாயம் மாறிய பின்னும் நுட்பம் மாறவில்லை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். அங்கே நுட்பம் என்பது வண்ணத்தின் வேதியியலில் இருக்கவில்லை. யார் எங்கே உட்கார்ந்து எதை வரையலாம் என்ற ஒழுங்கில் இருந்தது.

நிலவுரிமைக் கோரிக்கையை விசாரித்த தீர்ப்பாயத்தினர் அந்த இடத்துக்கே வந்தார்கள். உரிமை கோரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தரையில் விரித்திருந்த ஓவியத்தின்மேல் நடந்து சென்று, தம் நீர்ச்சுனை வரையப்பட்டிருந்த இடத்தில் நின்றுகொண்டு தம் மொழியில் சாட்சி சொன்னார்கள்; பக்கத்தில் நின்றவர் அதை மொழிபெயர்த்தார். பத்தாண்டு கழித்து, 2007-இல், அந்த நிலத்தின்மேல் அவர்களுடைய உரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது.